ஒரு மீற்றர், மூன்று வீடு

முதலில் அதை நான் பழுது என்றே நினைக்கவில்லை.
விடியப்புறம் நாலே முக்காலுக்கு
குசினி லைட் ஒரு தரம் இமைத்தால்
கீழ்வீட்டுக் கொறேரா தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டார்,
துறைமுகத்தில் இன்றைக்குக் காலை முறை.
ஆறரைக்கு இரண்டு இமைப்பு:
நடு மாடியில் நஸீஹாவின் அயன்பெட்டி,
மகனின் வெள்ளைக் காற்சட்டை.
இரவு பத்துக்கு மேல்
மஞ்சளாய்ச் சோர்ந்து, கொஞ்சம் நடுங்கி, நிமிர்ந்தால்
யாருக்கோ நாளைக்குக் கலியாணம்,
அவளுடைய கேக் அடுப்பு சூடேறுகிறது.

ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில்
மூன்று குடும்பம், ஒரு மீற்றர்.
பில்லை மூன்றாய்ப் பிரிப்போம்.
சண்டை வந்தால் அதையும்.

ஸ்காபரோவிலிருந்து வீட்டுக்காரர் வட்ஸ்அப்பில் சொன்னார்:
"பல்ப்பை மாத்திப் பாருங்கோ."
மாற்றினேன். புது பல்ப்
பழையதின் பழக்கத்தையே பழகிக்கொண்டது.

பிறகு ஒரு செவ்வாய்,
மீன் பொரிக்கும் வாசத்துக்கு அடியில்
இன்னொரு வாசம்.
பிளாஸ்டிக் சீப்பை நெருப்பில் காட்டினதுபோல.
மாடிப்படிக்குக் கீழே, கொறேராவின் சைக்கிளுக்குப் பின்னால்,
கறண்ட் பெட்டிக்குப் பக்கத்தில் புறங்கையை வைத்தேன்.
சுவருக்குக் காய்ச்சல்.

லயனல் பாஸ் மெயினை விழுத்திவிட்டு
டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி திறந்தார்.
நியூட்ரல் கம்பியின் திருகாணி தளர்ந்து
சுற்றியிருந்த உறை உருகி
கருகின சிரட்டையின் நிறம்.
"எவ்வளவு நாளா இமைக்குது?"
எட்டு மாதம் என்று சொல்ல வெட்கமாய் இருந்தது.
கொஞ்ச நாள் என்றேன்.

பிறகு பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கினார்.
மயிர்போல ஓர் இழை இருக்கவேண்டிய இடத்தில்
மூன்றாய் மடித்த கம்பி,
அதில் பச்சைக் கடதாசி ஒட்டியிருந்த தடம்.
"உருக வேண்டியது உருகாட்டி
வீடுதான் உருகும். யார் இதைப் போட்டது?"

கொறேரா கூரையைப் பார்த்தார்.
நஸீஹா நகத்தில் ஒட்டிய ஐசிங்கைச் சுரண்டினாள்.
நான் தேத்தண்ணி போடப் போனேன்.

அந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது.
கறண்ட் மணிக்கணக்காய் நின்று நின்று வந்த வருஷம்.
சாமம் ஒன்றரைக்கு ஒரேயடியாய் வந்து
வந்த வேகத்தில் ஃபியூஸ் போனது.
மகளின் நெஞ்சு விசிலடித்தது.
நெபுலைசர் மேசையில் செத்துக் கிடந்தது.
இருட்டுப் படிகளில் இறங்கினேன்.
கையில் கிடைத்ததைச் செருகினேன்.
வெளிச்சம் வந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.
காலையில் மாற்றலாம் என்று படுத்தேன்.
மூன்று வருஷமாய்க் காலை வரவில்லை.

புதுப் பெட்டி, புது ட்ரிப் சுவிட்ச்.
"மாசம் ஒருக்கா இந்தப் பொத்தானை அமத்துங்க.
டக்கெண்டு விழவேணும்.
விழாட்டி எனக்குக் கோல் எடுங்க."
இருபத்தேழாயிரத்தை மூன்றாய்ப் பிரித்தோம்.

அன்றிரவு லைட் கல்லுப்போல நின்றது.
நஸீஹா அடுப்புப் போட்டாளா, தெரியாது.
ஊரில் இல்லாதவர்கள்போல எல்லாரும்.

நாலே முக்காலுக்கு
எல்லாம் அணைந்தது.

மூன்று கதவும் திறந்தன.
கொட்டாவியோடு மூன்று போன் வெளிச்சங்கள் படியில் இறங்கின.
பாஸ் சொல்லித் தந்தபடி
எல்லாப் பிளக்கையும் கழற்றி, சுவிட்சை ஏற்றி,
ஒவ்வொன்றாய்க் கொளுவினோம்.
மோட்டர், இல்லை. அயன்பெட்டி, இல்லை.
கொறேராவின் கேத்தில்:
டக்.

"ஒவ்வொரு நாளும் இதை
ஈரக்கையாலதானே பிடிக்கிறேன்" என்றார்.
உள்ளங்கையை வெளிச்சத்தில் விரித்து
வேறு யாருடையதோபோல வெகுநேரம் பார்த்தார்.

அந்த இருட்டு எனக்கு வசதியாய் இருந்தது.
"அந்தக் கம்பி" என்றேன், "நான்தான்."

நஸீஹா போனை என் முகத்திலிருந்து இறக்கினாள்.
"தெரியும்தானே.
கேக் பூவுக்குச் சுத்துற கம்பி.
மூணா மடிச்சுத் தந்ததே நான்தானே."

படியில் கேத்தில் தனியாய் இருந்தது.
கொறேரா கையைச் சாரத்தில் துடைத்தார்,
இன்னொரு தரம் துடைத்தார்,
சுவிட்சை மேலே தள்ளினார்.
மூன்று வீட்டு ஃபிரிட்ஜும் ஒன்றாய்
முனகத் தொடங்கின.